பழைய அறிவியல் புனைகதையைத் தமிழ் ஒலி நாடகமாக்கப் போகிறீர்களா? மைக்கைத் தொடும் முன் படியுங்கள்

52 நிமிட ஒலி நாடகம் ஒன்றை முடிக்க எனக்கு 14 மாதம் ஆனது. அதில் உருப்படியாக வேலை நடந்தது 5 மாதம். மீதி 9 மாதமும் எழுதியதை அடித்துத் திருப்பி எழுதுவது, போட்ட இசையைக் கழற்றுவது, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்ட நடிகரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது என்றே போயிற்று. எடுத்துக்கொண்ட கதை ஹெச். ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. செவ்வாயிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் இங்கிலாந்தைச் சுட்டுப் பொசுக்கும் கதை. நாவல், வானொலி நாடகம், சினிமா, இசைத்தட்டு என்று நாலு வடிவத்திலும் புகழ்பெற்ற கதை என்பதால்தான் அதை எடுத்தேன். சிக்கலும் அதனால்தான் வந்தது. நீங்கள் வேறு கதையை எடுத்தாலும் கீழே உள்ள வரிசை உதவும்.

1. முதலில் கதையின் வயதைக் கணக்குப் போடுங்கள்

இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு வேண்டியது பதிப்புரிமை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கானது. தமிழில் பலர் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். நான் முதல் வாரம் முழுக்கத் தப்பான படிவங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை நூலுக்கு உரிமை உண்டு. வெல்ஸ் இறந்தது 1946 ஆகஸ்டில். ஆகவே 2007 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அவருடைய எழுத்து யாருக்கும் பொது. ஆனால் நாடகத்தை இணையத்தில் போட்டால் லண்டனிலும் கேட்கும், பாரிஸிலும் கேட்கும். அங்கெல்லாம் 70 ஆண்டுக் கணக்கு. வெல்ஸுக்கு அது 2016-ல் முடிந்தது. அமெரிக்காவில் பழைய நூல்களுக்குப் பெரும்பாலும் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. 1898-ல் புத்தகமாக வந்த இந்த நாவலுக்கு அங்கேயும் தடை இல்லை.

எழுத்தாளர் ஒருவர்தான் என்றாலும் எல்லா நூலுக்கும் ஒரே கணக்கு வராது. இதே வெல்ஸின் 1933-ஆம் ஆண்டு நாவலான 'தி ஷேப் ஆஃப் திங்ஸ் டு கம்' இந்தியாவில் பொது. அமெரிக்காவின் 95 ஆண்டுக் கணக்கில் அது 2029-ல்தான் விடுபடும். எனவே இரண்டு கேள்வி கேளுங்கள்: எழுதியவர் இறந்து 70 ஆண்டு தாண்டிவிட்டதா, நூல் வெளிவந்து 95 ஆண்டு ஆகிவிட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நிம்மதியாக இறங்கலாம்.

தமிழ்க் கதை எடுக்க நினைத்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சுஜாதா. அவர் 2008-ல் காலமானார். அவருடைய கதைகளுக்கு 2068 முடியும்வரை உரிமை உண்டு. உரிமையுள்ளவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு பக்கத்தைக்கூடப் பதிவு செய்யாதீர்கள். 'ரசிகனாகத்தானே செய்கிறேன், காசு வாங்கவில்லையே' என்பது அனுமதிக்கு மாற்றாகாது. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் என்றால் கவலை இல்லை. பட்டியலும் நூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும்.

2. மூலப் பிரதியைத் தவிர மற்றதையெல்லாம் மூடி வையுங்கள்

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கதை பொது என்றால் அதைத் தழுவி வந்த எல்லாமே பொது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ஒவ்வொரு தழுவலுக்கும் தனித்தனிச் சொந்தக்காரர் உண்டு. 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஒலிபரப்பான புகழ்பெற்ற வானொலி நாடகத்தை இயக்கி நடித்தவர் ஆர்சன் வெல்ஸ். (தமிழில் எழுதினால் இரண்டு வெல்ஸும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பந்தத்தில் முழுப்பெயரும் போடுங்கள். என் முதல் வரைவில் 'வெல்ஸின் படைப்பு' என்று மட்டும் இருந்ததைப் பார்த்த வக்கீல், எந்த வெல்ஸ் என்று கேட்டார்.) அந்த நாடகத்தின் எழுத்துப் பிரதி ஹோவர்ட் கோச் என்பவருடையது. அவர் இறந்தது 1995-ல். அறுபதைக் கூட்டிப் பாருங்கள், 2055. 1953-லும் 2005-லும் வந்த ஹாலிவுட் படங்கள், 1978-ல் ஜெஃப் வெய்ன் கொண்டுவந்த இசைத்தட்டு எல்லாமே உரிமை உள்ளவை.

என் முதல் பிரதியில் பாதிரியாருக்கு நத்தானியேல் என்றும் அவர் மனைவிக்கு பெத் என்றும் பெயர் வைத்திருந்தேன். நாவலில் அப்படித்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன். ஒத்திகையின்போது நண்பர் ஒருவர் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பெத் எந்த அத்தியாயத்தில் வருகிறார்?" என்று கேட்டார். எந்த அத்தியாயத்திலும் இல்லை. நாவலில் வரும் பாதிரியாருக்குப் பெயரே கிடையாது. கல்லூரி நாளில் தேயத் தேயக் கேட்ட இசைத்தட்டின் கேசட்டிலிருந்து அந்த இருவரும் என் நாவலுக்குள் குடியேறியிருந்தார்கள்.

அன்றைக்கே உட்கார்ந்து பிரித்தோம். பேராசிரியர் பியர்சன், நிருபர் கார்ல் ஃபிலிப்ஸ், நியூஜெர்சியின் குரோவர்ஸ் மில் பண்ணை எல்லாம் வானொலிக்குச் சொந்தம். மூன்று கால் இல்லாமல் திருக்கை மீன்போல மிதந்துவரும் எந்திரமும், அணுகுண்டு போட்டும் அசையாத காட்சியும் 1953 படத்தினுடையவை. எந்திரங்கள் எப்போதோ மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தன என்பது 2005 படத்தின் யோசனை. நாவலுக்கே சொந்தமானவை: வோக்கிங் ஊருக்குப் பக்கத்தில் ஹார்செல் பொட்டலில் விழும் உருளை, வானியலாளர் ஓகில்வி, வெப்பக்கதிர், கரும்புகை, சிவப்புக் களை, தண்டர் சைல்ட் கப்பல், கடைசியில் செவ்வாயிலிருந்து வந்தவர்களைக் கொல்லும் கிருமிகள். எந்திரம் கத்தும் 'உல்லா, உல்லா' என்ற ஓலமும் நாவலில் இருப்பதுதான். ஆனால் அதற்கு இசைத்தட்டில் போட்ட மெட்டு நமக்கில்லை.

பிரதி எழுதும்போது இடப்பக்க ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு காட்சிக்கும் நாவலின் அத்தியாய எண்ணைக் குறியுங்கள். எண் போட முடியாத காட்சி உங்கள் சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது வேறு யாருடையதோ. எனக்கு 41 காட்சியில் 9 காட்சி அப்படிச் சிக்கியது.

ஊரை மாற்றுவது, காலத்தை மாற்றுவது போன்ற உத்திகளுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கதை உங்கள் ஊர் ஏரிக்கரையில் நடப்பதாக எழுதலாம். நான் வோக்கிங்கிலேயே விட்டுவிட்டேன். அந்தச் சின்ன ஊரின் ஞாயிற்றுக்கிழமை அமைதி உடைவதில்தான் கதையின் பயமே இருக்கிறது என்பது என் கட்சி.

3. ஆங்கில மூலத்திலிருந்து நீங்களே எழுதுங்கள்

நாவலின் ஆங்கில மூலம் குட்டன்பெர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடையில் விற்கும் புதிய பதிப்புகளின் முன்னுரையும் அடிக்குறிப்பும் பதிப்பாசிரியருக்குச் சொந்தம், அவற்றைத் தொடாதீர்கள். ஏற்கெனவே வந்த தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதாதீர்கள். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. ஃபிரெஞ்சு, செக் மொழிக் கதைகளை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜூல் வெர்ன் 1905-லேயே இறந்துவிட்டார், சரி. நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆங்கிலப் புத்தகத்தை மொழிபெயர்த்தவர் எப்போது இறந்தார்? தலைப்புப் பக்கத்தில் அவர் பெயரைத் தேடுங்கள்.

நாவல் சுமார் 60 ஆயிரம் சொல். 52 நிமிடத்துக்கு எனக்கு 5,300 சொல்தான் தாங்கியது. கதைசொல்லியின் தம்பி லண்டனில் படும் பாட்டை முழுசாக வெட்டினேன். மனசு கேட்கவில்லை. வேறு வழியும் இல்லை.

4. செய்தி வாசிப்புப் பாணியா? கத்தியைப் பிடி பக்கம் பிடியுங்கள்

நடுவில் இசையை நிறுத்தி 'இப்போது கிடைத்த செய்தி' என்று ஆரம்பிக்கும் உத்தி கேட்கச் சுவையாக இருக்கும். உத்தி யாருக்கும் சொந்தமில்லை, பயன்படுத்தலாம். ஆனால் 1949-ல் ஈக்வடாரின் கீட்டோ நகரில் இதே கதையை இதே பாணியில் ஒலிபரப்பியபோது, ஏமாந்த கூட்டம் வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீ வைத்தது, உயிர்கள் போயின. இன்றைக்கு நம்மூரில் உங்கள் நாடகத்தை யாரும் முழுசாகக் கேட்கப் போவதில்லை. யாரோ 40 நொடியை வெட்டி வாட்ஸ்அப்பில் விடுவார்கள். அதில் உங்கள் முன்னறிவிப்பு இருக்காது.

நான் செய்தது: தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் 'இது கற்பனை நாடகம்' என்ற அறிவிப்பு. அது போக, ஒவ்வொரு செய்தி வாசிப்புக்குள்ளும் ஆண்டு 1898 என்று காதில் விழும்படி ஒரு சொற்றொடர். குதிரை வண்டியும் தந்தியும் வந்துகொண்டே இருந்தால் வெட்டினாலும் கற்பனை என்று புரிந்துவிடும். உண்மையான ஊர், உண்மையான மாவட்ட ஆட்சியர், உண்மையான சேனல் என்று எதையும் செய்திக்குள் கொண்டுவராதீர்கள். பீதி கிளப்பும் பொய்த் தகவலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 353-ஆம் பிரிவு இருக்கிறது. நோக்கம் அதுவல்ல என்று காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்கும் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

5. குரல் கொடுப்பவர்களிடம் முதல் நாளே கையெழுத்து

நண்பர்கள்தானே என்று விட்டேன். ராணுவ வீரனாகப் பேசிய தம்பி பதிவு முடிந்த மூன்றாம் மாதம் வேலைக்காக வடக்கே போய்விட்டார். கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் பதிப்புரிமைப் பதிவு விண்ணப்பம் நகரவில்லை. 11 வாரம்.

நடிப்பவர், வாசிப்பவர் எல்லோருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் அவர் குரலைப் பதிவு செய்து வெளியிட முடியாது. எழுதியவர், இசையமைத்தவர் உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக இருந்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. ஒப்பந்தத்தில் இந்த நாலையும் விடாதீர்கள்:

என்ன உரிமை (ஒலிப்பதிவு, இணைய வெளியீடு, வானொலி, பின்னால் படமாக்குதல், தனித்தனியாக), எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு பணம் எப்போது. ஆண்டு எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது திரும்பிப் போய்விடும். என்னைப்போல 14 மாதம் இழுப்பவர்கள் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்கவும்.

பாடல் இருந்தால் இன்னொன்று: பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேரவேண்டிய ராயல்டிப் பங்கை 'எனக்கு வேண்டாம்' என்று எழுதி வாங்கிவிட முடியாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அப்படி எழுதினாலும் செல்லாது.

6. இசை: சாகித்தியம் வேறு, தட்டு வேறு

செவ்வாய்க் கதைக்கு செவ்வாய் இசை என்று குஸ்டாவ் ஹோல்ஸ்ட்டின் 'தி பிளானெட்ஸ்' தொகுப்பிலிருந்து முதல் பகுதியைப் போட்டேன். ஹோல்ஸ்ட் 1934-ல் இறந்தவர். கணக்குச் சரி. நாடகத்தை ஏற்றிய இரண்டாம் நாளே ஒரு காணொளித் தளத்தின் தானியங்கிச் சோதனை பிடித்துக்கொண்டது. அதுவும் சரிதான். இசைக்குறிப்பு பொது, ஆனால் நான் போட்டது 1980-களில் ஒரு பெரிய வாத்தியக் குழு வாசித்த பதிவு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு தனி உரிமை. அமெரிக்காவில் கணக்கு இன்னும் நீளம். கர்நாடக சங்கீதத்துக்கும் இதே கதைதான்: தியாகராஜர் கிருதி பொது, நேற்று வித்வான் பாடிய ஆல்பம் பொது இல்லை.

கடைசியில் நன்மையாகத்தான் முடிந்தது. அந்த இசை ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது. தவில் வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் கேட்டவர், தொடையில் 'தக தகிட, தக தகிட' என்று தட்டி, "கண்ட சாபுதானே, இதற்கு எதற்குத் தம்பி வெள்ளைக்காரன் தட்டு?" என்றார். அவர் தவிலும் இன்னொருவர் எக்காளமுமாக 3 மணி நேரத்தில் நாடகத்துக்கு வேண்டிய மொத்த இசையையும் சொந்தமாக வாசித்து முடித்தார்கள். ஹோல்ஸ்ட்டின் மெட்டு ஒரு சுரம்கூட இல்லை. எந்திரம் கத்தும் ஓலத்துக்கும் அந்த எக்காளமே. முன்பு ஒரு நடிகர் 'உல்லா' என்று கத்தியபோது, கேட்டுப் பார்த்த என் அத்தை யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தார்.

இலவச இசை என்று போட்டிருக்கும் தளங்களில் எடுத்தால் உரிமப் பக்கத்தை எடுத்த தேதியோடு படம் பிடித்து வையுங்கள். 'வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்றிருந்தால் விளம்பரம் வரும் இடத்தில் போட முடியாது.

7. பதிவு

குரலை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வாவ் (WAV, ஒலியைச் சுருக்காத) கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 கடைசியில்தான். வீட்டில் பதிந்தால் மின்விசிறி, ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜுக்குள் வண்டிச் சாவியை வைத்தால் திரும்பப் போடாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டீர்கள். நடிகருக்குப் பின்னால் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தால் எதிரொலி அடங்கும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட அமைதியைப் பதிந்துகொள்ளுங்கள், ஒட்டுப்போட உதவும்.

உருளையின் மூடி திருகித் திறக்கும் சத்தம்தான் இந்தக் கதையின் உயிர். கணினியில் கிடைத்த எதுவும் ஒட்டவில்லை. காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் மைக்கை இறக்கி, பழைய எவர்சில்வர் சம்படத்தின் துருவேறிய மூடியை மெதுவாகத் திருகினோம். 20 ரூபாய்கூடச் செலவில்லை.

8. பதிப்புரிமைப் பதிவுச் சான்றிதழ்

படைப்பு உருவானவுடனே உரிமை தானாக வந்துவிடும். சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனால் யாராவது உங்கள் நாடகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் கையில் காகிதம் இருப்பது நல்லது. டில்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14-ஐ நிரப்ப வேண்டும். எழுத்துப் பிரதிக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். இரண்டும் தனித்தனி விண்ணப்பம். பின்னால் குறும்படமாக எடுத்தால் படத்துக்கு 5,000 ரூபாய்.

கைவசம் வேண்டியவை: விண்ணப்பதாரர் அடையாள அட்டை, படைப்பின் பிரதி, எழுதியவர், இசையமைத்தவர் முதலானோரின் மறுப்பின்மைக் கடிதம் (என்.ஓ.சி.), ஒப்பந்த நகல்கள். கடிதத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறக்கூடாது. நம் ஊர் இனிஷியல் பழக்கம் இங்கே காலை வாரும்.

விண்ணப்பித்ததும் டைரி எண் (விண்ணப்பத்தின் அடையாள எண்) வரும். யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். அதன் பிறகே பரிசீலனை. குறை சொல்லிக் கடிதம் வந்தால் அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் பதில் போடுங்கள். மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியையும் வாரம் ஒரு முறை பாருங்கள். விண்ணப்பத்தில் 'மூலக் கதை' என்ற இடத்தில் வெல்ஸின் நாவலைக் குறிப்பிட்டு, உங்கள் தமிழ் நாடக வடிவத்துக்கு மட்டும் உரிமை கோருங்கள். கதையே என்னுடையது என்ற தொனி வரக்கூடாது.

9. எங்கே வெளியிடுவது

பாட்காஸ்ட் தளங்கள் எளிது, செலவும் குறைவு. அட்டைப் படத்துக்கு சினிமா போஸ்டரைத் தொடாதீர்கள். 1906-ல் வந்த பெல்ஜியப் பதிப்புக்கு ஆல்விம் கொரியா வரைந்த ஓவியங்கள் பொதுவில் இருக்கின்றன. அவர் 1910-ல் இறந்தவர். மூன்று கால் எந்திரத்துக்கு அதைவிடப் பயங்கரமான படம் இன்றுவரை நான் பார்த்ததில்லை.

சமூக வானொலியில் ஒலிபரப்ப ஆசைப்பட்டால் நிலையத்திடம் பிரதியை முன்கூட்டியே கொடுங்கள். சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அதனால் நாடகச் செய்தி வாசிப்பைக் கேட்டால் நிலையக்காரர்கள் பயப்படுவது நியாயம். நான் அணுகிய இடத்தில் ஒவ்வொரு செய்திக் காட்சிக்கு முன்பும் ஒரு மணியோசை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், நாடகத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

10. செலவும் காலமும்

எனக்கு ஆனது: ஸ்டுடியோ 14 மணி நேரம், மணிக்கு 600 வீதம் 8,400. நடிகர்கள் 6 பேர், ஆளுக்கு 1,500, ஆக 9,000. இசை 12,000. தொகுப்பு 10,000. பதிவுக் கட்டணம் 2,500. சாப்பாடு, டீ, ஆட்டோ 3,200. மொத்தம் 45,100 ரூபாய். தப்புச் செய்து திருத்திய வகையில் தனியாக 11,000 போனது, அது உங்களுக்கு வேண்டாம்.

காலம்: உரிமைச் சோதனை 1 வாரம், பிரதி 6 வாரம், ஒப்பந்தம் 1 வாரம், ஒத்திகை 2 வாரம், பதிவு 1 வாரம், தொகுப்பும் இசையும் 6 வாரம். சான்றிதழ் பாட்டுக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். மார்கழியில் வாத்தியக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி. சித்திரையில் மின்விசிறியை நிறுத்தினால் நடிகர் மயங்கி விழுவார். பதிவை ஐப்பசியிலோ தையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி என்றால் மழைச் சத்தத்துக்காக இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்து வையுங்கள்.